சீட்டின் பின்பக்கம்

அந்த அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. விண்வெளிப் போர்க்கலம் கட்டும் அந்தத் தளத்தில் எடைப் பிரிவு அவளுடையது. கலத்தில் ஒரு திருகாணி கூடினாலும் குறைந்தாலும் அது அவள் மேசை வழியாகத்தான் போக வேண்டும். சும்மா இல்லை. பீரங்கி ஒன்றைக் கூட்டினால் கலம் கனக்கும். கனத்தால் எஞ்சின் திணறும். எஞ்சினைப் பெரிதாக்கினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் மறுபடியும் கனக்கும். எல்லாமும் வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்து, எதையாவது விட்டுக்கொடு என்று சொல்வதுதான் அவள் வேலை.

விட்டுக்கொடுக்கச் சொல்லவே தேவையில்லாத ஆள் ஒருவர் உண்டு. தலைமை வடிவமைப்பாளர். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. வரைபடத்தை விரித்தால் போதும், கை பரபரக்கும். "இது எதுக்கு? இது இல்லாம கலம் பறக்காதா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டித் தள்ளுவார். வெட்டி மிச்சம் பிடித்த எடையில் இன்னொரு பீரங்கியை ஏற்றுவார். மேலிடத்துக்கு அவர் செல்லப்பிள்ளை. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டாவது தராசு அதை ஒத்துக்கொள்வாள்.

அவர் கெட்டிக்காரத்தனத்தில் ஒரே ஓட்டை. எந்தத் தாளையும் அவர் திருப்பிப் பார்க்க மாட்டார்.

அங்கே எதை வெட்டினாலும் வெட்டுச் சீட்டு ஒன்று எழுத வேண்டும். முன்பக்கத்தில் என்ன வெட்டு, எத்தனை டன் மிச்சம், யார் கேட்டது. பின்பக்கத்தில் இரண்டே கேள்விகள். இந்த வெட்டால் மாறுகிற மற்ற எண்கள் எவை? பரிசோதனையை நடத்துபவர் யார்? இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும். கத்தரி முன்பக்கத்தில் போடுவார், சீட்டைத் திருப்புவார், கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பின்பக்கத்திலும் போடுவார். பேனா போகிற இடத்தை அவர் பார்த்து அவள் கண்டதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தில்தான் அவளுடைய அண்ணன் செத்தான்.

அண்ணன் அந்தக் காலத்துப் போர்க்கலம் ஒன்றில் கதவுக் காவலாள். கலத்தின் சுவரில் ஓட்டை விழுந்தால், காற்று வெளியே ஓடுவதற்குள் அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள கதவைச் சாத்துவதுதான் அவன் பொறுப்பு. கதவுக்கு முதலில் மோட்டார் இருந்தது. பொத்தானை அமுக்கினால் ஆறு நொடியில் மூடிக்கொள்ளும். கத்தரி மோட்டாரை வெட்டிவிட்டு ஒரு கைச்சக்கரத்தை வைத்தார். அதையும் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தார். முப்பது கதவில் பன்னிரண்டு டன் மிச்சம். அந்த எடையில் ஒரு பீரங்கி ஏறியது. சீட்டின் பின்பக்கத்தை மட்டும் யாரும் நிரப்பவில்லை. அதனால் கதவுக் கோப்பில் மூடும் நேரம் ஆறு நொடி என்றே இருந்துவிட்டது. அவசரம் அவசரம் என்று மேலிடம் பறந்ததில் பரிசோதனையும் நடக்கவில்லை.

"கதவைச் சாத்துறதுக்குள்ள கை கழண்டு போகுது, வந்து உன் கையால எண்ணெய் தேய்ச்சு விடு" என்று அண்ணன் கடிதம் எழுதியிருந்தான். அவன் எப்போதும் விளையாட்டாகத்தான் எழுதுவான். அவளும் சிரித்துவிட்டு மடித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்றைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

எதிரியின் குண்டு நான்காம் அறையில் பாய்ந்தது. சக்கரம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் அங்கேயே நின்று சுற்றினான். கதவு மூடுவதற்குள் ஐந்தாம் அறையில் பதினேழு பேர் மூச்சில்லாமல் போனார்கள். கதவு மூடிவிட்டதால் மற்ற இருநூறு பேர் பிழைத்தார்கள். அவனைக் கண்டெடுத்தபோது கதவு முழுக்கச் சாத்தியிருந்தது, கைகள் சக்கரத்தை விடவில்லை. விசாரணையில் கத்தரி என்ன சொன்னார் தெரியுமா? "கோப்பைப் பாருங்க, ஆறு செகண்ட்தான். ஆறு செகண்ட்ல மூட வேண்டிய கதவுல பதினேழு பேர் செத்திருக்காங்கன்னா, அந்த ஆள் பயந்து நின்னுட்டு லேட்டா ஆரம்பிச்சிருக்கான்." பிழைத்து வந்தவர்கள் சக்கரத்தைப் பற்றிச் சொன்னார்கள். கூட்டாளிக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

தளத்தின் வாசலில் கறுப்புக் கல் ஒன்றை நட்டார்கள். அதில் பதினேழு பெயர்கள். பதினெட்டாவது பெயர் இல்லை. கோழைக்குக் கல்லில் இடம் கிடையாதாம்.

அண்ணி அப்போது கலத்தளத்துக் குடியிருப்பில் இருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, பதினேழில் ஒருவனைப் பெற்றவள், அண்ணியின் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். அண்ணி அவளைத் திட்டவில்லை. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியறைக்குக் குடிபோனாள். "பிள்ளையப் பறிகொடுத்தவ. அவகிட்ட போய் என்ன நியாயம் பேசறது?" என்றாள். தராசுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. வேண்டும் என்றும் அவள் நினைத்ததில்லை. அன்றைக்குக் கறுவியவள்தான்.

அந்த வருடமே எடைப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தாள். விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் குடும்ப விவரம் கேட்டிருந்தது. அண்ணன் பெயரையும் அவன் எந்தக் கலத்தில் இறந்தான் என்பதையும் மறைக்காமல் எழுதினாள். நேர்முகத் தேர்வில் கத்தரி முன்பக்கத்தைப் படித்தார், கணக்கில் மதிப்பெண் நன்றாக இருக்கிறதே என்றார், வேலை கொடுத்தார். அடேயப்பா, என்ன மனிதர்!

இரண்டாவது வருடம் பழைய சீட்டுக் கட்டுகளில் அந்தச் சீட்டு கிடைத்தது. முன்பக்கம் மோட்டார் நீக்கம். பின்பக்கம் வெறும் கையெழுத்து. எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் ஓடினாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "பின்னாடி ஒண்ணும் எழுதலைன்னா எதுவும் மாறலைன்னுதான் அர்த்தம். மூடின விசாரணையத் திறக்கணும்னா கையெழுத்து போட்டவரே வந்து கேக்கணும்மா" என்றார். கையெழுத்துப் போட்டவரே கேட்பாராம்! அவள் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு வருடம் உட்கார்ந்தாள். தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போனாள். ஒருநாள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அப்புறம் புதுக் கலம் வந்தது. மேலிடம் ஏழு பீரங்கி கேட்டது. கத்தரி எட்டு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னம்மா தராசு, ஒரு பன்னெண்டு டன் பிடிச்சுக் குடேன். எங்க கை வைக்கலாம் சொல்லு" என்று மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டு டன். அதே பன்னிரண்டு டன். பதில் அவள் நாக்கு நுனியில் ஏழு வருடமாக இருந்தது.

"கவசத்துல கை வெச்சா வாரியம் ஒத்துக்காது சார். எரிபொருள்ல வெச்சா திரும்பி வர முடியாது. கதவு மோட்டார் முப்பது இருக்கு. சரியா பன்னெண்டு டன்."

"கதவு!" கத்தரி தொடையில் தட்டினார். "நான் ஏற்கெனவே செஞ்சதுதான். கைச்சக்கரம். கோப்புலயே ஆறு செகண்ட்னு இருக்கு."

"அந்தக் கலத்துல விபத்து ஆச்சே சார்?"

ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி யோசித்தால், ஒரு சந்தேகம் முகத்தில் வந்தால், அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது.

"கதவு நல்லாத்தான் இருந்துச்சு. ஆள் சரியில்ல. பயந்தாங்கொள்ளி" என்றார் அவர், அவளுடைய பென்சிலை எடுத்துக் காதைக் குடைந்துகொண்டே. "சீட்டு எழுதிக் கொண்டா."

அவள் எழுதினாள். முன்பக்கம் அவர் சொன்னபடி. பின்பக்கத்தில், மாறும் மற்ற எண்கள் என்ற இடத்தில், கதவு மூடும் நேரம் ஆறு நொடியிலிருந்து நாற்பத்து மூன்று நொடியாகும் என்று தெளிவான கையெழுத்தில் எழுதினாள். பரிசோதனையை நடத்துபவர் என்ற இடத்தில், இந்தச் சீட்டில் கையெழுத்திட்டவர் என்று எழுதினாள். பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. கத்தரி முன்பக்கத்தில் போட்டார். திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கத்திலும் போட்டார்.

நாற்பத்து மூன்று நொடி என்பது அவள் இட்டுக்கட்டியது அல்ல. கொட்டகை மேஸ்திரி சொன்னது. புதுக் கலத்தின் நான்காம், ஐந்தாம் அறைகளை அசல் அளவில் மரத்தில் கட்டிப் பார்க்கிற கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. கதவு மட்டும் அசல் இரும்பு, பழைய கலத்தில் இருந்த அதே மாதிரிக் கைச்சக்கரக் கதவு. பக்கவாட்டில் நகரும், சக்கரத்தை முப்பது சுற்றுச் சுற்றினால் மூடும். மேஸ்திரி தன் ஆட்களிலேயே தோள் பெருத்தவனை விட்டுச் சுற்றச் சொல்லிப் பார்த்திருந்தார்.

"ஏம்மா, இந்தக் கதவு நிஜமாவே கலத்துல ஏறிட்டா?" என்றார் அவர். அவருக்கு விஷயம் தெரியும். "உன் கோபத்துக்கு ஊரான் பிள்ளைங்க பலியாகக் கூடாது."

"ஏறாது மேஸ்திரி. அந்த ஆள் பரிசோதனை அன்னைக்கு வரலைன்னா நானே எழுந்து வாரியத்துல பின்பக்கத்தைப் படிச்சிடுவேன். என் வேலை போனாலும் பரவாயில்ல." அவரை அண்ணே என்று கூப்பிட்டிருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த வார்த்தையை அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. ஐந்தாம் அறையில சாக்கு பொம்மை வைப்பீங்கல்ல, எத்தனை?"

"நாலஞ்சு."

"பதினேழு வைங்க."

மேஸ்திரி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

கொட்டகையில் காற்றுக்குப் பதில் தண்ணீர். காற்று ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஏறுவது தெரியும். அதுதான் அங்கே வழக்கம். மேலே தொட்டி. மடையைத் திறந்தால் நான்காம் அறையில் கொட்டி, திறந்த கதவு வழியாக ஐந்தாம் அறைக்குள் பாயும். உட்கார்ந்திருக்கும் பொம்மைகளின் மூக்கு உயரத்தில் சுவரில் சிவப்புக் கோடு. கதவு மூடுவதற்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டால் அந்த அறையில் எல்லோரும் செத்ததாகக் கணக்கு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி.

பரிசோதனை நாள் காலையில் கலத்துக்கு அனுமதி கொடுக்கும் வாரியத்தார் ஐந்து பேர் வந்து கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வாரியத் தலைவி முன்னாள் கேப்டன், நரைத்த கிராப்புத் தலை, அதிகம் பேசாதவள். பக்கத்தில் ஒரு குறிப்பெழுதுபவர். பின்வரிசையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கென்று ஒரு நாற்காலி எப்போதும் போடுவார்கள், யாரும் வருவதில்லை. அன்றைக்கு அதில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். வெளுப்புக் கடையில் பாதி நாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தாள்.

கத்தரி புத்தம் புதிய தோல் ஷூ போட்டுக்கொண்டு எட்டுப் பீரங்கியின் பெருமையைப் பேசி முடித்தார். தலைவி சீட்டை வாங்கி முன்பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள்.

"பரிசோதனையை நடத்துபவர், கையெழுத்திட்டவர்" என்று படித்தாள். "நீங்களே செய்யப் போறீங்களா?"

கத்தரி முழித்தார். முழித்தது அரை நொடிதான். ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"ஏன், நான் செய்யக் கூடாதா? ஆறு செகண்ட்தானே. ஷூ கூட நனையாது!" என்று சிரித்தார்.

தலைவியின் கண் சீட்டில் மேல்வரிக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. அப்புறம் நேர அளவாளராக ஸ்டாப்வாட்ச்சோடு நின்றிருந்த தராசைப் பார்த்தாள். சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆரம்பிங்க" என்றாள்.

தராசு மணியை அடித்தாள். மேஸ்திரி மடையைத் திறந்தார்.

ஆறாவது நொடியில் ஷூ நனைந்தது. பத்தாவது நொடியில் முழங்கால். கத்தரி ஏழு சுற்றுச் சுற்றியிருந்தார், கதவு நான்கில் ஒரு பங்குகூட நகரவில்லை. அவர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஏதோ தப்பான கதவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள் என்கிற மாதிரி. குனிந்து மறுபடி சுற்றினார். கை வழுக்கியது.

"மேஸ்திரி! தண்ணிய நிறுத்து!"

மேஸ்திரி தராசைப் பார்த்தார். மணி அடிக்காமல் மடையை மூடக் கூடாது. மணி அவள் கையில்.

"பன்னெண்டு சுத்து ஆச்சு சார்" என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். "இன்னும் பதினெட்டு இருக்கு. சுத்துங்க."

"விளையாடறியா நீ? இதை எப்படி..." தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மைகளின் மடியில் ஏறி, மார்பில் ஏறி, முதல் வரிசை பொம்மையின் தாடையைத் தொட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தரி இரண்டு கையாலும் சக்கரத்தில் தொங்கினார். பதினாறு. பதினேழு. சிவப்புக் கோடு முங்கியது. பதினேழு மூக்கும் முங்கின.

"எந்த மனுஷனாலயும் இதை ஆறு செகண்ட்ல மூட முடியாது!" என்று கத்தினார் கத்தரி.

அந்த வாக்கியத்துக்காக அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள். ஒரு தடவை கேட்டது போதவில்லை.

"தண்ணிச் சத்தத்துல கேக்கல சார். மறுபடி சொல்லுங்க."

"முடியாது! எவனாலயும் முடியாது! போதுமா? நிறுத்து!"

பத்தொன்பதாவது சுற்றில் சக்கரத்தை விட்டார். விட்டுவிட்டு, ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். ஒரு ஷூ கழன்று மிதந்தது. கதவு பாதிக்கு மேல் நகர்ந்து அப்படியே நின்றது. தராசு அப்போதுதான் மணியை அடித்தாள்.

மேஸ்திரி மடையை மூடினார்.

"இருபத்தெட்டு செகண்ட். பத்தொன்பது சுத்து. கதவு மூடலை" என்று அவள் குறிப்பெழுதுபவரைப் பார்த்துச் சொன்னாள். விதிப்படி அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. "இதே கதவு. இதே சக்கரம். இங்க ஏணி இருந்துச்சு, சார் ஏறிட்டாரு. ஒருத்தன் ஏறல. மூச்சு இல்லாம நின்னு முப்பது சுத்தும் சுத்தி மூடினான். இருநூறு பேர் வீட்டுக்குப் போனாங்க. அவன் என் அண்ணன். அவனைத்தான் பயந்தாங்கொள்ளின்னு எழுதி வெச்சிருக்கீங்க."

கத்தரி அவளை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "உன் அண்ணனா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

"விண்ணப்பத்துலயே எழுதியிருந்தேன் சார். பின்பக்கத்துல."

தலைவி சீட்டை விரித்து மேல்வரியைச் சத்தமாகப் படித்தாள். நாற்பத்து மூன்று நொடி. கீழே கத்தரியின் கையெழுத்து. "தெரியாதுன்னு சொல்ல முடியாது உங்களால" என்றாள். மோட்டார்கள் கதவிலேயே இருக்கட்டும், பீரங்கி ஏழு போதும் என்று அங்கேயே முடிவு சொன்னாள். அவருக்கு அந்தக் கலத்தில் இனி வேலை இல்லை என்பதையும் அதே குரலில் சொன்னாள்.

தராசு தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்த கத்தரியின் முன்னால் வைத்தாள். பழைய விசாரணையைத் திறக்கக் கோரும் மனு. தட்டச்சு செய்து ஏழு வருடம் ஆகிறது, ஓரம் மஞ்சளாகிவிட்டது. கத்தரி தலைவியைப் பார்த்தார். தலைவி பேனாவை நீட்டினாள். வேறு வழியில்லாமல் வாங்கி முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பின்பக்கமும் இருக்கு சார். இந்தத் தடவை படிச்சிட்டுப் போடுங்க."

கத்தரி தாளைத் திருப்பினார். அதில் அதிகம் ஒன்றுமில்லை. பதினெட்டுப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசிப் பெயர் அண்ணனுடையது. அதன் கீழே ஒரு வரி: இவர்கள் என் வெட்டினால் இறந்தார்கள். அதன் கீழே கையெழுத்துக்கு இடம்.

அவர் ஜன்னலைத் தேடினார். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. அண்ணி பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "நிதானமாப் படிங்க. நாங்க இருக்கோம்" என்றாள்.

தராசுக்கு சந்தோஷமாக இருந்தது. அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை. கத்தரியின் உதடுகள் ஒவ்வொரு பெயராக அசைவதை, பதினெட்டும் முடிகிறவரைக்கும், ஸ்டாப்வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.